ஐந்திலிருந்து ஆறு வரை

மழை பிடித்துக்கொண்டது. அதுவும் சரியாக அவள் பஸ்ஸை விட்டு இறங்கிய நொடியில்... குடையை விரிப்பதற்குள் பாதி நனைந்துவிட்டாள். வருகைப் பதிவேட்டை மேலதிகாரி அறைக்கு எடுத்துப் போய்விடுவார்கள்; இன்னும் மூன்றே நிமிடம். ஓடினாள். தெரு என்றும் பார்க்காமல், நாலு பேர் பார்க்கிறார்களே என்றும் பார்க்காமல் ஓடினாள்.

அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது. ஓடிக்கொண்டிருந்த அவளை ஒருவன் நடந்தே முந்திப் போனான்!

ஆமாம், நடந்தே. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டிக்கொண்டு, முழங்கையை மடக்கிக்கொண்டு, விறுவிறுவென்று... போகிறவன் சும்மா போனானா? நடைபாதை ஓரக் குட்டையில் ஒரு மிதி மிதித்து, அத்தனை சேற்றையும் அவளுடைய வெளிர்நீல உடையில் இறக்கிவிட்டுப் போனான்.

"ஹலோ! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

அவன் திரும்பினான். உதடு சிரிப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிடுகிற கண்கள். இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"கண்ணு நல்லாத் தெரியுதுங்க. காலுதான் சொன்ன பேச்சைக் கேக்கல... சாரி!"

"சாரி சொன்னா சேறு போயிடுமா?"

"போகாதுதான். ஆனா சொல்லாமப் போனா இன்னும் திட்டுவீங்களே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆள் அதற்குள் தெருமுனையில் இருந்தான். என்ன திமிர்! என்ன நடை! என்ன... கண்கள். கடைசியில் வந்த நினைப்பை அங்கேயே குட்டையில் போட்டுவிட்டு மாடி ஏறினாள்.

பன்னாட்டு விளையாட்டு விழாக்களுக்கு நாட்டின் வீரர்களைத் தேர்ந்து அனுப்புகிற தேசியக் குழுவின் அலுவலகம் அது. மூன்றாவது மாடி. பெயரைக் கேட்டால் பிரமாதமாக இருக்கும். உள்ளே வந்தால் நடக்க வழி இருக்காது. பயணப் பைகள் அடுக்கிய அட்டைப்பெட்டிகள், சுருட்டி வைத்த கொடிகள், ஜோடி பிரிந்த காலணிகள். அதையெல்லாம் தாண்டிக் கடைசி ஜன்னல் ஓரத்தில் அவளுடைய மேஜை, பக்கத்தில் ஓர் இரும்பு பீரோ. வீரர்கள் எப்போது எங்கே இருப்பார்கள் என்று சொல்லும் படிவங்கள் இருக்கிற அந்த பீரோவுக்கு ஒரே சாவி. அது அவள் கைப்பையில்.

பத்தேகால் மணிக்கு மேஜை மேல் ஈரமான காகிதம் ஒன்று வந்து விழுந்தது. நிமிர்ந்தாள்.

"நீங்களா!"

"ஐயோ... நீங்களா!" அவன் பின்னால் ஓரடி எடுத்து வைத்தான். "படிவம் மேடம்னு ஒருத்தங்க இருக்காங்க, ரொம்பக் கறார்னு சொன்னாங்க. அது நீங்கதானா?"

"நான்தான். உட்காருங்க. உங்களால உட்கார முடியும்னா..."

வேகநடைப் போட்டிக்காரன். இருபது கிலோமீட்டர். காலையில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை, மாலையில் எதிர் மைதானத்தில் பயிற்சி. வரப்போகிற விழாவுக்கான முதல் பட்டியலில் பெயர் இருந்தது. காகிதத்தைப் பிரித்துப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. 'தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் இருக்கும் இடம்' என்ற கட்டத்தில், மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே சொல்தான் எழுதியிருந்தான். ரோடு.

"ரோடுன்னா எந்த ரோடு?"

"நான் நடக்கிற ரோடுதாங்க."

"உங்களைத் தேடி ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு ஒரு அதிகாரி வருவார். சொல்லாம கொள்ளாம வருவார். அவர் ரோடு ரோடா ஓடுவாரா?"

"ஓடினாராம். பாவம், போன மாசம் வந்தவர் என்னைப் பிடிக்க முடியாமத் திரும்பிப் போயிட்டாராம்."

"சிரிக்காதீங்க! அது ஒண்ணு கணக்குல ஏறியாச்சு. ஒரு வருஷத்துல மூணு தடவை சொன்ன இடத்துல இல்லேன்னா ரெண்டு வருஷம் தடை. விழாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு மருந்தும் தொட்டிருக்க வேண்டாம். இல்லாம இருந்தாலே போதும்."

சிரிப்பு அணைந்தது. கண்கள் மட்டும் அவள் முகத்தில் அப்படியே நின்றன. "பதினோரு வருஷமா நடக்கிறேங்க," என்றான் மெதுவாக. "இந்த ஒண்ணுக்காக."

அவளுக்கு ஏனோ குரல் இறங்கிப் போனது. "ஒரு மணி நேரம் அசையாம நிக்கிற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க. நீங்களே ஆசைப்பட்டு நிக்கிற இடமா இருந்தா நல்லது. மறக்காது."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிரில் பஸ் நிறுத்தம். காலையில் அவள் இறங்கிய அதே நிறுத்தம்.

"உங்க ஆபீஸ் எத்தனை மணிக்கு முடியும் மேடம்?"

"அஞ்சு. எதுக்கு?"

"சும்மா கேட்டேன். எழுதிக்குங்க. ஞாயிறு மட்டும் நான் தங்கியிருக்கிற அக்கா வீடு. மத்த நாள் எல்லாம் எதிர் பஸ் ஸ்டாப். அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும்."

எழுதிக்கொண்டாள். பேனா ஏன் அப்படி வழுக்கியது என்று கேட்டால், காகிதம் ஈரம் என்று சொல்லுவாள்.

ஐந்து பத்துக்கு அவளுடைய பஸ். முதல் நாள் அதில் ஏறிவிட்டாள். இரண்டாம் நாளும் ஏறினாள். மூன்றாம் நாள் கூட்டமாக இருந்தது என்று விட்டுவிட்டாள். நான்காம் நாள் கூட்டமே இல்லை, அப்படியும் விட்டுவிட்டாள். அடுத்த பஸ் ஆறு ஐந்துக்கு!

இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு முழ இடைவெளி. ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். பேச வேண்டியது எதுவோ அதை மட்டும் விட்டுவிட்டு...

"உங்க போட்டியில என்ன பெரிய கஷ்டம்? நடக்கிறதுதானே?"

"என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க! எவ்வளவு வேகமாப் போனாலும் ஒரு கால் தரையில இருக்கணும். ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்பிட்டா சீட்டைக் கிழிச்சு வெளிய அனுப்பிடுவாங்க."

"அப்ப ஜாக்கிரதையா இருங்க."

"ரோட்டுல ஜாக்கிரதையாத்தான் இருக்கேன் மேடம். இந்த ஸ்டாப்ல நிக்கும்போதுதான் கொஞ்சம் சிரமமா இருக்கு."

அவள் சட்டென்று பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். காது வரைக்கும் சூடாகிவிட்டது.

இரண்டாவது வாரத்தில் இன்னொன்றும் கண்டுபிடித்தாள். அவனுடைய அக்கா வீட்டுப் பக்கம் போகிற பஸ் எதுவும் அந்த நிறுத்தத்தில் நிற்பதே இல்லை! இதை அவனிடம் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள்.

ஒருவன் எந்த நாள், எந்த நேரம், எங்கே இருப்பான் என்று மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே தெரிவது... எந்தக் காதலிக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வரம் என்று நினைப்பீர்கள். வரமா அது! ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து அடித்தால் போதும், துணி மடித்துக்கொண்டிருக்கிற கை நின்றுவிடும். இப்போது அக்கா வீட்டில் இருப்பான். வாசலில் உட்கார்ந்திருப்பானா? அக்கா பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருப்பானா? என்னை நினைப்பானா? இடம் தெரியும், நேரம் தெரியும், போக மட்டும் முடியாது. பீரோவுக்குள் இருக்கிற ஆட்களோடு சொந்தமாக எந்த உறவும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இரண்டு மாதம் இப்படியே போனது. அப்புறம் அந்த மழை நாள் வந்தது.

ஐந்து மணிக்குச் சாலையைத் தாண்டி வந்தபோது நிறுத்தத்தின் கூரை சல்லடையாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் தொப்பலாக நனைந்து, பல் தந்தியடிக்க நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான். அந்த முயற்சியைப் பார்த்ததும் இவளுக்கு என்ன ஆனதோ...

"வாங்க, காபி குடிச்சிட்டு வரலாம். அடுத்த தெருவுல நல்ல கடை ஒண்ணு இருக்கு."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "மேடம்... நீங்களா கூப்பிடறீங்க?"

"நான்தான் கூப்பிடறேன். வர மாட்டீங்களா?"

வந்தான். படிவத்தைக் காக்கிறவளே கூப்பிடும்போது வராமல் இருப்பானா? இடத்தை மாற்ற வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு முன்னால் ஒரு வரி அனுப்பினால் போதும். மேடம் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போதே அனுப்பியிருப்பாங்க என்று நினைத்துக்கொண்டான். அவளோ எதையுமே நினைக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் மணிக்கணக்கில் பாடம் எடுக்கிறவள், ஒரே ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் மறந்து ஒரு சாதாரணப் பெண்ணாக இருந்துவிட்டாள்.

கண்ணாடியில் ஆவி படிந்த கடை. இரண்டு கோப்பை. முதல் போட்டியில் வழி தெரியாமல் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குள் புகுந்து, அவர்களோடேயே அரை கிலோமீட்டர் நடந்த கதையை அவன் சொன்னான். கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்தாள். மழைக்குப் பயந்து நெகிழி உறையில் சுற்றிப் பைக்கு அடியில் போட்டிருந்த அவனுடைய போன் அடித்தது இருவர் காதிலும் விழவில்லை.

மூன்றாம் நாள் மேஜைக்கு ஓர் உறை வந்தது. பிரித்தாள்.

'மாலை 5.10 முதல் 6.00 வரை பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். வீரர் வரவில்லை. 5.55க்குத் தொலைபேசியில் அழைத்தேன். பதில் இல்லை.'

5.55... அவள் கல்யாண ஊர்வலக் கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்த நேரம். இரண்டாவது தவறு. அதை அவனுக்கு அறிவிக்கும் கடிதத்தையும் அவள்தான் டைப் செய்ய வேண்டும். செய்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் குத்திச் செய்தாள்.

காரணம் கேட்டதற்கு அவனிடமிருந்து இரண்டே வரி வந்தது. 'மழைக்கு ஒதுங்கினேன். தவறு என்னுடையது மட்டுமே.'

அன்று ஐந்து மணிக்குச் சாலையைத் தாண்டும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அது பிறவிக் குணம்.

"எதுக்கு என் பேரை எழுதல?"

"எழுதினா உங்க வேலை போயிடுமே..."

"உங்க போட்டி போனா பரவாயில்லையா? பதினோரு வருஷம்னு சொன்னீங்களே! எனக்கு யாரோட தயவும் வேண்டாம். இனிமே இந்த ஸ்டாப்ல நிக்காதீங்க. இடத்தை மாத்திடுங்க!"

உங்களை நான் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது... அதைத்தான் சொல்ல நினைத்தாள். வாயிலிருந்து வந்தது வேறு. அவன் முகம் அப்படியே சுருங்கிப் போனது. மீட்டர் பார்க்கிறவனோடு நின்று பேசியது கேவலமாகிவிட்டதோ என்று அவன் நினைத்துக்கொண்டது, அவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"சரிங்க மேடம்," என்றான். நடந்து போனான். முதல்முறையாக, எல்லாரையும் போல மெதுவாக.

மறுநாள் திருத்தம் வந்துவிட்டது. காலை ஐந்திலிருந்து ஆறு. அக்கா வீடு.

ஐந்து பத்து பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

"என்னடி, சீக்கிரம் வந்துட்டே?" என்றாள் அம்மா. "அந்த பஸ்ல மூச்சு விட முடியாத கூட்டம்னு சொன்னே. கூட்டமெல்லாம் எங்க போச்சு?"

"குறைஞ்சிடுச்சும்மா."

"முகமும் சேர்ந்து குறைஞ்சிருக்கு," என்றாள் அம்மா. அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காத அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அடுத்த நாளிலிருந்து மறுபடியும் ஆறு ஐந்து பஸ்தான். வெறும் நிறுத்தத்தில், பழைய இடத்தில், ஒரு முழம் இடம் விட்டு நின்றாள். மைதானத்துப் பக்கமிருந்து யார் வந்தாலும் நெஞ்சு ஒரு தடவை எம்பி விழும். அவன் வரவில்லை. வர வேண்டாம் என்று சொன்னவளே அவள்தானே!

மூன்று வாரம் கழித்து இறுதிப் பட்டியல் அனுப்ப வேண்டிய நாள். செயலாளர் அறையில் அவளும் சீருடைப் பிரிவு அக்காவும் நின்றார்கள். செயலாளருக்கு அலுவலகத்தில் முத்திரை ஐயா என்று பெயர். டீ பில்லில்கூட முத்திரை குத்தாமல் விடமாட்டார்.

"இந்த வேகநடைப் பையன் பேரை எடுத்துடுங்க," என்றார். "ரெண்டு தடவை ஆள் இல்ல. காரணம் கேட்டா மழையாம், ஒதுங்கினாராம்! விழாவுக்குப் போன இடத்துல மூணாவதும் தவறிட்டா மானம் போறது நமக்கு."

பேனா அந்தப் பெயர் மேல் இறங்கியது.

"ஐயா, ஒரு நிமிஷம்." மேஜைக்கு ஓரடி கிட்டே வந்தாள். "அன்னைக்கு அவரை அங்கிருந்து கூட்டிட்டுப் போனது நான்."

பேனா நின்றது. சீருடை அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்களா? இந்தப் படிவத்தைப் பார்த்துக்கிறதே நீங்கதானே?"

"அதனாலதான் ஐயா அவர் நம்பி வந்தார். நான் திருத்தம் போட்டிருப்பேன்னு நினைச்சிருப்பார். நான் மறந்துட்டேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"பயம் ஐயா. வேலை போயிடும்னு. அவர் வாயைத் திறக்கல... அவர் திறக்காததால நானும் சொல்லாம இருக்கிறது சுலபமா இருந்துச்சு."

"மழைங்கிறதாலயா கூட்டிட்டுப் போனீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். "இல்ல ஐயா," என்றாள். "அவரோட கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசணும்னு ஆசையா இருந்துச்சு."

முத்திரை ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டார். "கணக்குல ஏறினதை அழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அது நிக்கும். ஆனா பொறுப்பில்லாத பையன்னு நினைச்சேன்... அது தப்பு." பட்டியலில் கை வைக்காமல் அடியில் ஓங்கி ஒரு குத்து. பெயர் இருந்தது! அப்புறம் கையை நீட்டினார். "பீரோ சாவியைக் கொடுங்க. இன்னையில இருந்து நீங்க சீருடைப் பிரிவு."

சாவியைக் கொடுத்தாள். வேலை இறங்கிப்போனது அவளுக்கு வலிக்கவே இல்லை. வெளியே வந்து, புது ஆள் அந்த பீரோவைப் பூட்டுவதைப் பார்த்தபோதுதான் வலித்தது. இனி அவன் எங்கே இருப்பான் என்று அவளுக்குத் தெரியாது. எந்த நாளும், எந்த நேரமும்... தெரியவே தெரியாது.

பத்து நாள் அப்படிப் போனது. பதினோராம் நாள், கோட்டு அளவு கொடுக்க வீரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் அவள் அளவு நாடாவோடு நின்றாள். சீருடை அக்கா தலையை நீட்டினாள்.

"அடுத்த ஆளை அனுப்பறேன். நான் கீழ போய் பட்டன் வாங்கிட்டு வரேன். பட்டன் வாங்க அரை மணி நேரம் ஆகும். தெரியுதா?"

அவன் வந்தான். இளைத்திருந்தான். கண்கள் மட்டும் அதே கண்கள்.

"கையைத் தூக்குங்க," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மேடம்..."

"இப்ப நான் மேடம் இல்ல. கோட்டு அளவு எடுக்கிறவ."

"சீருடை அக்கா எல்லாம் சொன்னாங்க. எனக்காகவா சாவியைக் கொடுத்தீங்க?"

"உங்களுக்காக இல்ல. உண்மைக்காக." நாடாவைத் தோளில் வைத்தாள். எண் கண்ணுக்குத் தெரியவில்லை. "பத்து நாளா நீங்க எங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியல. சாப்பாடு இறங்கல. அஞ்சு மணி ஆனா எங்க பார்க்கிறதுன்னு தெரியல..." சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தான். பள்ளிப் பிள்ளை போல் அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட ஒரு படிவம். பெயர், இடம், நேரம், கால அளவு என்று எல்லாக் கட்டமும் இருந்தது. கால அளவைத் தவிர எல்லாம் காலியாக இருந்தது.

"இது என்ன?"

"உங்களுக்கு. நான் எங்க இருப்பேன்னு மூணு மாசமா தெரிஞ்சு வச்சிருந்தீங்க. நீங்க எங்க இருப்பீங்கன்னு எனக்கு ஒரு நாளாவது தெரிஞ்சிருக்கா? ரோட்டைத் தாண்டி வருவீங்களா, அஞ்சு பத்து பஸ்ல ஏறிடுவீங்களான்னு தினமும் உங்க ஆபீஸ் வாசலையே பார்த்துட்டு நிப்பேன். இனிமே என்னால முடியாதுங்க. நிரப்பிக் கொடுங்க."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தமா! உங்களை எனக்குப் பிடிச்சிருக்குன்னு அந்த பஸ் ஸ்டாப் பேரை எழுதி எழுதித்தானே கொடுத்தேன்? நீங்க அதை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டீங்க!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. காகிதத்தைச் சுவரில் வைத்து எழுதினாள். இடம்: எதிர் பஸ் ஸ்டாப். நேரம்: ஐந்திலிருந்து ஆறு வரை. கால அளவு என்ற கட்டத்தில் அவன் 'மூன்று மாதம்' என்று சின்னதாக எழுதி வைத்திருந்தான். அதை அடித்துவிட்டு 'கடைசி வரைக்கும்' என்று எழுதினாள். அடியில் இன்னொரு கட்டம் இருந்தது. 'ஆள் கிடைக்காவிட்டால் கேட்க வேண்டிய இடம்.' கொஞ்சம் யோசித்தாள். 'எங்கள் வீடு. அம்மாவிடம்.'

அவன் வாங்கிப் படித்தான். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் முகம் வெளுத்தது.

"அம்மாகிட்ட நான் என்னங்க பேசறது?"

"அஞ்சு பத்து பஸ்ல கூட்டமே கிடையாதுன்னு சொல்லுங்க," என்றாள். இப்போது தலை நிமிர்ந்து அவன் கண்களையே பார்த்தாள். "மூணு மாசமா என்னைப் பார்க்கத்தான் உங்க பொண்ணு பொய் சொன்னான்னு சொல்லுங்க. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... சேத்தை வாரி இறைச்ச அன்னையில இருந்தே."